நீலகிரியில் முதல் ஊர் ஊட்டியா, கோத்தகிரியா? மலை ஊர்கள் அமைந்த கதை

அடிவாரத்தான்

நான் மேட்டுப்பாளையம். சிறு வயதிலிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்த மலை இது. ஆனாலும் போன மாதம்தான் முதல்முறையாகக் கோத்தகிரி பக்கத்தில் கன்னேரிமுக்கில் இருக்கும், அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் நினைவகத்துக்குப் போனேன். 1819இல் அவர் கட்டிய வீடு அது. மலைமேல் வெள்ளைக்காரர்கள் கட்டிய முதல் வீடும் அதுதான். ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா, இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருப்பது, 1822இல்தான் ஆரம்பிக்கிறது.

அங்கிருந்து திரும்பும்போது ஒரு கேள்வி விடாமல் தொந்தரவு செய்தது. முதல் வீடு கோத்தகிரிப் பக்கம். முதல் மலைப்பாதையும் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறியதுதான். அப்படியிருக்க பிறகு எல்லாம் எப்படி ஊட்டிக்கு மாறியது? மாவட்டத் தலைநகர், கோடைத் தலைநகர், ஏரி, பூங்கா, ரயில் என்று அத்தனையும் அங்கே போய்விட்டது. கோத்தகிரி இன்றைக்கும் சின்ன ஊர்தான்.

நான் படித்த வரை காரணங்கள் இரண்டு. ஒன்று, இடத்தின் அமைப்பு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், பீடபூமியின் நடுவில் அகலமான கிண்ணம் போல இருக்கிறது. அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் மைசூருக்கும் மலபாருக்கும் மூன்று திசையிலும் இறங்கலாம். இரண்டாவது காரணம் சாலை. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830களின் தொடக்கத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகப் புதிய மலைப்பாதை வெட்டினார்கள். அதோடு கோத்தகிரி பிரதான வழியிலிருந்து விலகிவிட்டது.

இன்னும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குன்னூர், கூடலூர், கேத்தி என்று எந்த ஊரைப் பற்றியும் எழுதலாம். ஊட்டி என்றாலே படகுத் துறையும் ரோஜாப் பூங்காவும் மட்டும்தான் பேசப்படுகின்றன. மலை அதைவிட ரொம்பப் பெரியது.

பொறங்காட்டுப்பெண்

அண்ணா, நல்ல இழை ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் கோத்தகிரி பக்கம், படகர் வீட்டுப் பெண். ஒரு திருத்தத்தோடு தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைப்பில் 'முதல் ஊர்' என்று போட்டிருக்கிறீர்கள். சல்லிவன் வரும்போது இங்கே ஊர்கள் இல்லாமலா இருந்தன? அவர் வந்து தங்கிய திம்பட்டியே எங்கள் ஹட்டிதான். 'ஹட்டி' என்றால் படக மொழியில் ஊர்.

எங்கள் பெரியவர்கள் இந்த மலையை 'நாக்குபெட்டா' என்பார்கள், நான்கு மலை என்று பொருள். தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தெநாடு என்று நான்கு சீமைகள். கோத்தகிரி வட்டாரம் பொறங்காட்டுச் சீமை. குன்னூர் பக்கம் மேக்குநாடு. ஊட்டியைச் சுற்றித் தொதநாடு. ஆங்கிலேயர் சாலை போடுவதற்கு வெகுகாலம் முன்பே மலை இப்படித்தான் பிரிந்திருந்தது. இன்றைக்கும் கல்யாணம், சாவு, ஹெத்தையம்மன் பண்டிகை எல்லாவற்றிலும் இந்தச் சீமைக் கணக்கு உண்டு.

கோத்தகிரியின் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். இரும்பு வேலை, மண்பாண்டம், இசை எல்லாம் அவர்கள் கையில். ஊட்டியோ தோடர் மந்து, அவர்களின் குடியிருப்பு. பல்லாண்டு காலமாக அவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி அது. தொட்டபெட்டா என்பதும் எங்கள் சொல்தான்; பெரிய மலை என்று அர்த்தம். 2,637 மீட்டர் உயரம் என்று அளந்தவர்கள் பிறகு வந்தார்கள், பெரிய மலை என்று பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள்.

அடிவாரத்தான்

நீங்கள் சொல்வது சரி, அக்கா. 'முதல் ஊர்' என்று நான் எழுதியது தவறுதான். தலைப்பை மாற்ற முடியவில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். நான் கேட்க நினைத்தது ஆங்கிலேயர் காலத்து நகரங்களைப் பற்றி.

எழுத்துச் சான்று கேட்பவர்களுக்காகவும் ஒன்று. சாமராஜநகர் பக்கம் கிடைத்த கி.பி. 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டில், போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக வருகிறது. சல்லிவனுக்கு 700 ஆண்டுகள் முன்பே தோடர் என்ற பெயரும் நீலமலை என்ற பெயரும் கல்லில் ஏறிவிட்டன. மலபார் கரையிலிருந்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் 1603இல் ஏறி வந்து, தோடர்களையும் படகர்களையும் சந்தித்துவிட்டுப் போயிருக்கிறார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மலை கம்பெனி வசம் வந்தது. 1812இல் கீஸ், மக்மகன் என்ற இரண்டு நில அளவையாளர்கள் வந்தார்கள். சல்லிவன் அதற்கும் பிறகுதான். 'சல்லிவன் கண்டுபிடித்தார்' என்று எழுதுவதை நாம் நிறுத்திவிடலாம்.

புதியவன்_கோவை

கல்லூரி மாணவன். உதகமண்டலம் என்ற பெயருக்கு என்ன பொருள்? உதகம் என்றால் தண்ணீர், ஏரி இருப்பதால் வந்த பெயர் என்று ஒரு பேருந்துப் பயணத்தில் கேட்டேன்.

பொறங்காட்டுப்பெண்

தம்பி, ஏரி பிறகுதான் வந்தது. சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைக்கு அணை கட்டி உண்டாக்கியது அது. பெயரோ அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1821இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதத்தில் 'வோட்டோகிமண்ட்' என்று இருக்கிறது. கடைசியில் வரும் 'மண்ட்' தோடர்களின் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு. அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. முன்பாதிக்குப் பல விளக்கங்கள் உண்டு. ஒற்றைக்கல் மந்து என்பது பலரும் ஏற்பது. தண்ணீர் விளக்கம் சமஸ்கிருதச் சாயலோடு பிறகு ஒட்டவைத்தது என்றே நான் நினைக்கிறேன். மந்து மண்டலமாகிவிட்டதில் தோடர் பெயரே மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான்.

தாவரவியல் பூங்காவுக்குப் போனால் மேலே ஏறிப் பாருங்கள். பூங்காவை ஒட்டியே ஒரு தோடர் மந்து இன்னமும் இருக்கிறது. கீழே புல்தரையில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஏரியைப் பற்றி இன்னொன்று. அது முதலில் இப்போதைய அளவைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் பகுதி அன்றைய ஏரியின் இடம்தான். பெருமழையில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்குவதைப் பார்த்தால், ஏரி தன் பழைய கரையைத் தேடி வருவது போல இருக்கும்.

பல்சக்கரம்

குன்னூர்க்காரன் நான். அப்பா, தாத்தா இருவரும் மலை ரயிலில் வேலை பார்த்தவர்கள். குன்னூரைப் பற்றி யாரும் சொல்லாததால் வந்துவிட்டேன்.

அடிவாரத்தான் அண்ணா, நீங்கள் 1830 சாலை வரை சொன்னீர்கள். குன்னூர் அப்போதும் வழியில் மூச்சு வாங்கும் இடம் மாதிரிதான் இருந்தது. இப்போது நாம் ஏறும் சாலை அதன்பின் 1870களில் கர்னல் லா போட்டது. பர்லியாறு தாண்டி வரும் லாஸ் அருவி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். குன்னூரை உண்மையில் ஊராக்கியது ரயில்.

1854லேயே திட்டம் பேசப்பட்டது. நடந்ததோ 45 ஆண்டு கழித்து. 1899 ஜூன் 15இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டி வரை போனது 1908இல். இடையில் இருக்கும் அந்த ஒன்பது ஆண்டுகளைக் கவனியுங்கள். அந்தக் காலம் முழுக்கக் குன்னூர்தான் கடைசி நிலையம். எல்லாரும் இங்கே இறங்கி, மேலே குதிரை வண்டியில் போக வேண்டும். சரக்கும் இங்கேதான் இறங்கும். கடைத்தெரு, கிடங்கு, விடுதி எல்லாம் அப்போது பெருகின. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, 1907இல் பாஸ்டர் நிறுவனம் என்று அடுத்தடுத்து வந்தவையும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவையே. நாய்க்கடிக்கு மருந்து தயாரித்த இடம் பாஸ்டர் நிறுவனம். தென்னிந்தியா முழுவதிலிருந்தும் கடிபட்டவர்கள் இங்கே சிகிச்சைக்கு வந்தார்கள்.

வழித்தடத்தின் நீளம் 46 கிலோமீட்டர்தான். ஆனால் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்கு ஏற வேண்டும். 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் தண்டவாளம் ஆரம்பிக்கும், குன்னூர் வரை. கடினமான இடத்தில் ஏறக்குறைய பன்னிரண்டடி நகர்ந்தால் ஓரடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துத்தான் ஏறும். இன்னொரு விஷயம், இன்ஜின் பெட்டிகளை இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். இணைப்பு எங்காவது அறுந்தாலும் பெட்டிகள் கீழே ஓடிவிடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி.

இந்தப் பல் தண்டவாள முறையின் பெயரான 'ஆப்ட்' என்பதை 'ஆல்டர்னேட் பைட்டிங் டீத்' (மாறி மாறிக் கடிக்கும் பற்கள்) என்பதன் சுருக்கம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பிறகு யாரோ பொருத்திய விளக்கம். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பெயர் அது. பக்கத்துப் பக்கமாக இரண்டு பல் தண்டவாளம் பதித்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி வருமாறு அமைத்தவர் அவர். அப்படி இருப்பதால் எந்த நொடியிலும் சக்கரம் ஒரு பல்லையாவது பிடித்திருக்கும். என் தாத்தா 'ஒரு பல்லு விட்டா இன்னொரு பல்லு கடிக்கும்' என்று சொல்வார். அதனால் அந்தச் சுருக்க விளக்கம் எப்படிப் பிறந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது.

மழைமானி

பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எல்லாரும் சாலை, ரயில் என்கிறீர்கள். அதற்கும் அடியில் இருப்பது மழை. நீலகிரி ஊர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி இல்லை என்பது என் கருத்து.

தொட்டபெட்டாத் தொடரை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை முழு வேகத்தில் மோதும். தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே சொல்வார்கள். மழை மேகம் முதுகைத் தாண்டி வருவதற்குள் இளைத்துவிடும். அதனால் ஜூலையில் கூடலூரில் அடைமழை பெய்யும்போது கோத்தகிரியில் சாரல்தான். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் மோதும். குன்னூரும் கோத்தகிரியும் நனையும், கூடலூரில் வெயில் காயும். ஊட்டி நடுவில் இருப்பதால் இரண்டிலும் பங்கு கிடைக்கும், இரண்டின் உக்கிரமும் குறைவு. அடிவாரத்தான் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான்.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. பேரிடரின் மாதத்தை மட்டும் சொல், எந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன். 1993 நவம்பரில் மரப்பாலம் நிலச்சரிவு: குன்னூர் மலைப்பாதை, கிழக்கு. 2009 நவம்பரில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட நிலச்சரிவுகள்: குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரம், கிழக்கு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது: அவலாஞ்சி, மேற்கு. பிள்ளைகள் இதை ஒருமுறை கேட்டால் மறக்கவே மாட்டார்கள்.

ஆறுகளும் அப்படித்தான். குந்தா, குன்னூர், கோத்தகிரி ஓடைகள் பவானிக்குப் போகின்றன. பைக்காரா வடக்கே இறங்கி மாயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேருகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு மட்டும் மேற்கே திரும்பிக் கேரளத்தில் சாலியாற்றில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பைக்காராவில் 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதால்தான் கோயம்புத்தூரில் மில்கள் அத்தனை வேகமாகப் பெருகின. மலையில் பெய்த மழை சமவெளியில் தறியும் கதிருமாக ஓடியிருக்கிறது.

மனதில் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல்மலையின் இயற்கை அமைப்பு என்பது புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். அது மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்து மெதுவாக விடும். அந்தப் புல்வெளியை வெற்றுநிலம் என்று எண்ணி, விறகுக்காகவும் பட்டைக்காகவும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள். இன்று ஊட்டி என்றதும் நினைவுக்கு வரும் தைல வாசனையே வெளியிலிருந்து வந்த மரத்துடையது. எருமை மேய்ந்த இடங்கள் பலவும் இப்போது சீகைக்காடு. தோடர்களின் புல் போனதும் ஓடைகளில் தண்ணீர் குறைந்ததும் எனக்கு ஒரே கதையாகத்தான் தெரிகிறது.

சேரம்பாடி

மழைமானி டீச்சர் எங்கள் கூடலூரைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு நீலகிரி என்றால் ஊட்டி, குன்னூரோடு முடிந்துவிடுகிறது. ஊட்டியிலிருந்து 50 கிலோமீட்டர் இறங்கினால் கூடலூர். அதற்கும் அப்பால் பந்தலூர், சேரம்பாடி. உயரம் சுமார் ஆயிரம் மீட்டர்தான். குளிர் குறைவு, மழையும் அட்டையும் அதிகம்.

எங்கள் வட்டாரம் 1877 வரை நீலகிரியே இல்லை. மலபாரின் வயநாட்டில் இருந்தது. அந்த ஆண்டுதான் இந்த மாவட்டத்தோடு சேர்த்தார்கள். அதனால்தான் இங்கே கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒன்றாகக் கேட்கும். நிலமும் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்தது. 1969இல் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டா வழக்கு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. 1880 வாக்கில் தேவாலாவில் தங்கம் கிடைக்கும் என்று லண்டனில் கம்பெனிகள் தொடங்கிப் பணத்தைக் கொட்டினார்கள். இரண்டு மூன்று ஆண்டில் எல்லாம் சரிந்தது. தோண்டிய குழிகள் மட்டும் காட்டுக்குள் மிச்சம். பணியர்களும் குறும்பர்களும் காட்டுநாயக்கர்களும் இதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள்.

நாங்கள் வந்த கதை வேறு. என் பாட்டி பிறந்தது இலங்கையில், கண்டிப் பக்கத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கணக்கு. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பிறகு அது 'டேன்டீ' என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, நெல்லியாளம், கோத்தகிரி, குன்னூர் என்று பல இடங்களில் எங்கள் சனம் காடு திருத்தித் தேயிலை நட்டது. பாட்டி சொல்வார்: 'அங்கயும் மலை, இங்கயும் மலை. கூடைதான் மாறவேயில்லை.' மூன்று தலைமுறை ஆனபிறகும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீலகிரி வரலாறு எழுதும்போது ஏரி வெட்டியவர் பெயரோடு கொழுந்து பறித்தவர்களையும் எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பல்சக்கரம்

மனசைத் தொட்டுவிட்டது, தோழர். எங்கள் ஊரில் ஏலத்துக்கு வரும் தேயிலையில் உங்கள் பாட்டி பறித்ததும் இருந்திருக்கும்.

நடுவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1860 முதல் மக்ஐவர் மேற்பார்வையில் மலேரியா மருந்துக்காகச் சின்கோனா பயிரிட்டார்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கியவரும் அவர்தான். நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களை அடைத்திருந்த சிறை இன்னும் நிற்கிறது. கூடலூர் போகும் சாலையில் இறங்கிப் பார்க்கலாம். ஆக, கையில் கூடை வருவதற்கு முன்பே விலங்கோடு வந்தவர்களும் இங்கே உண்டு.

வெலிங்டன் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த இடத்தின் பழைய பெயர் ஜெகதளா. 1850களில் படைக்குடியிருப்பு கட்டினார்கள், 1860இல் பெயரை மாற்றினார்கள். ஜெகதளா என்ற ஊர் இன்றும் பக்கத்தில் இருக்கிறது. நாட்டின் மூன்று படை அதிகாரிகளும் சேர்ந்து படிக்கும் கல்லூரி இப்போது வெலிங்டனில்தான்.

புதியவன்_கோவை

எல்லாருக்கும் நன்றி. எனக்கு இரண்டு நாள் விடுமுறை இருக்கிறது. இந்த இழையில் வந்த இடங்களில் எவ்வளவு பார்க்க முடியும்?

அடிவாரத்தான்

இரண்டு நாளில் மேற்குப் பக்கம் போக முயலாதே, தம்பி. கூடலூருக்குத் தனியாக ஒரு தடவை போ. சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பேருந்தில் வந்தால் தேவையில்லை. கோத்தகிரி வழியாக ஏறி, ஊட்டியில் தங்கி, குன்னூர் வழியாக இறங்கு. ஊட்டியில் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்களைப் பார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம். 1831 முதல் அங்கே வழிபாடு நடக்கிறது. சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

பல்சக்கரம்

ஊட்டியிலிருந்து இறங்கும்போது ரயில்தான். முழுத் தூரத்துக்கும் இடம் கிடைக்காவிட்டால் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டுமாவது போ. லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று நாங்கள் பேசிய ஊர்கள் எல்லாம் வரிசையாக வரும். கேத்தி பள்ளத்தாக்கு வரும்போது எந்தப் பக்கம் தெரிகிறது என்று முன்பே கேட்டு உட்கார். பல் தண்டவாளம் அந்தப் பகுதியில் இருக்காது. அதைப் பார்க்கக் குன்னூர் நிலையத்தில் இறங்கி, கீழ்ப்பக்கம் போகும் வழியைக் கவனி.

பொறங்காட்டுப்பெண்

கன்னேரிமுக்குக்குக் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் இறங்கிக் கேள், வழி சொல்வார்கள். காலையில் மஞ்சு மூடியிருந்தால் அவசரப்படாமல் கடைத்தெருவில் ஒரு தேநீரும் வறுக்கியும் சாப்பிடு. பத்து மணிக்கு மேல் விலகிவிடும். அப்புறம் கிழக்கே பார்த்தால் சிறுமுகைப் பக்கத்துச் சமவெளி தெரியும். பழைய பாதை ஏறி வந்தது அந்தத் திசையிலிருந்துதான்.